அரிதாரம் ஏற்கும் தோல்

நுழையும்முன்

கூத்தர் ஒருவர் கண்ணனாகவோ கர்ணனாகவோ மாறும் இடம் ஒப்பனை அறை. அங்கே வண்ணம் படிவது உயிருள்ள தோலின்மீது. அத்தோல் எல்லா வண்ணங்களையும் ஒரே வகையில் ஏற்பதில்லை. ஏற்காத தோலை உடையவர் மேடையை விட்டு விலகத்தான் வேண்டுமா? ஒப்பனைக் கலை இவ்வினாவை எதிர்கொண்ட வரலாற்றையும், மருத்துவ அறிவு இதற்குத் தரும் விடையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயருக்குள் இருக்கும் நஞ்சு

தமிழில் ‘அரிதாரம் பூசியவர்’ என்றாலே நடிகர் என்று பொருள்படும். ஆயினும் அரிதாரம் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். பொன்மஞ்சள் நிறமுடைய இக்கனிமம் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த சேர்மம் ஆகும். இதனை அரைத்து, எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிய வழக்கத்தால் பொருளின் பெயரே ஒப்பனை முழுமைக்கும் ஆகிவந்தது. இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும். வேதியியலோ இதனை நஞ்சுகளின் பட்டியலில் வைக்கும்.

கேரளத்தின் கதகளியில் இதே கனிமம் மனயோலை என்னும் பெயரில் வழங்குகிறது. மஞ்சள் நிறத்திற்கு இதனைத் தனியாகவும், பச்சை நிறத்திற்கு நீலத்துடன் கலந்தும் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு அரைத்துப் பூசுவது அங்குள்ள மரபு. சிவப்பிற்குப் பயன்படும் சாயில்யம், தமிழர் சாதிலிங்கம் என்று அழைக்கும் பொருளேயாகும். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இவ்விரு கனிமங்களும் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் ஓர் இரவு பூசியவுடன் தீங்கு வெளிப்பட்டுவிடாது. ஆனால் அரைக்கும்போது எழும் தூள் மூச்சில் கலக்கிறது. ஒளியும் காற்றும் தொடர்ந்து பட்டால் அரிதாரம் சிறிது சிறிதாக ஆர்செனிக் ஆக்சைடாக மாறுகிறது. அதுவோ நீரில் கரையக்கூடிய கொடிய நஞ்சு. போதாக்குறைக்குக் கடையில் வாங்கும் செந்தூளில் விலை குறைந்த ஈயச் செந்தூரம் கலந்திருப்பதும் உண்டு. ‘தாத்தா காலத்திலிருந்து பூசுகிறோம்’ என்னும் சொல், பொட்டலத்திற்குள் இருப்பது தாத்தா வாங்கிய அதே பொருள்தானா என்பதற்கு விடையாகாது.

வெள்ளை நிறத்தின் வரலாறு இதனினும் துயரமானது. ஈயவெள்ளை முகத்தில் மென்மையாகப் பரவும். மெல்லிய பூச்சிலேயே தோலின் நிறத்தை முழுவதும் மறைக்கும். அதனாலேயே ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நடிகர்கள் பல நூற்றாண்டுகள் அதனைக் கைவிடவில்லை. 1887ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் கபுகி நாடகம் ஒன்று நிகழ்ந்தது. அதில் நடித்த நாகமுரா ஃபுகுசுகே என்னும் புகழ்பெற்ற நடிகரின் உடல் மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது. நாள்தோறும் பூசிய வெள்ளையிலிருந்த ஈயமே அந்நடுக்கத்திற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. பேரரசர் கண்முன்னே நிகழ்ந்தமையால் இச்செய்தி நாடெங்கும் பரவியது. பெயர் அறியப்படாத எத்தனையோ நடிகர்களின் நடுக்கம் அவ்வாறு பரவியிராது. ஈயமற்ற வெள்ளையை உருவாக்கும் முயற்சிகள் அங்கு வலுப்பெற்றது இதன் பின்னரேயாகும்.

தெரிந்து தெளிவோம்

ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் லைக்னர் இசைநாடகப் பாடகர், வேதியியலும் அறிந்தவர். ஈயம் கலவாத கொழுப்பு வண்ணக் குச்சிகளை உருவாக்கி, 1873இல் பெர்லின் நகரில் அவற்றைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நஞ்சு நீங்கிய பின்னும் இன்னல் நீங்கிவிடவில்லை. 1938இல் ஹாலிவுட்டில் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்னும் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் தகர மனிதனாக நடிக்கத் தேர்வான பட்டி எப்சன் என்பவரின் முகத்தில் அலுமினியத் தூளைத் தூவி ஒப்பனை செய்தனர். சில நாள்களில் அவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் அப்பாத்திரத்தை இழந்தார். அவருக்குப் பின் வந்த ஜாக் ஹேலிக்கு அதே அலுமினியத்தைத் தூளாகத் தூவாமல் பசையாகக் குழைத்துப் பூசினர். படம் முடிந்தது. ஹேலிக்குக் கண்ணில் தொற்று ஏற்பட்டுச் சில நாள் படப்பிடிப்பு நின்றதைத் தவிரப் பெருந்தீங்கு நேரவில்லை. பொருள் ஒன்றாக இருப்பினும் பூசும் முறையை மாற்றியதே ஒரு நடிகரைக் காத்தது. முதல் நாளிலேயே அம்மாற்றத்தைச் செய்திருந்தால் எப்சன் தம் வாய்ப்பை இழந்திருக்கமாட்டார்.

இந்தியாவில் ஒப்பனைப் பொருள்களுக்கு நிறமூட்ட ஈயச் சேர்மங்களையும் ஆர்செனிக் சேர்மங்களையும் பயன்படுத்துவதற்கு, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள் தடை விதிக்கின்றன. ஆயினும் உறையும் பெயர்ச்சீட்டும் இன்றி நிறுத்து விற்கப்படும் வண்ணத்தூளை வாங்குபவருக்கு இவ்விதிகள் துணைவருவதில்லை.

எரிச்சலும் ஒவ்வாமையும்

ஈயமும் ஆர்செனிக்கும் எவர் உடலில் சேர்ந்தாலும் தீங்கு செய்யும். ஒவ்வாமை அத்தகையதன்று. பத்துப் பேர் பூசும் ஒரே வண்ணம் ஒன்பது பேரின் முகத்தில் அழகாக அமைய, ஒருவரின் முகம் மட்டும் சிவந்து, வீங்கி, நீர்க்கொப்புளம் காண்கிறது. குழுவினர் அதனை ‘உடம்புச் சூடு’ என்பர். ‘கண் பட்டுவிட்டது’ என்றும் கூறுவர். உண்மையில் அங்கு நிகழ்வது உடலின் தற்காப்பு ஆற்றல் ஒரு பொருளைப் பகையாகக் கருதிப் போரிடும் நிகழ்ச்சியாகும்.

ஒப்பனையால் தோலில் ஏற்படும் அழற்சியை மருத்துவர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர். முதல் வகை உறுத்தலால் வருவது. தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. அதன் மேலடுக்கில் உள்ள கொழுப்பு, செங்கற்களை இணைக்கும் சாந்துபோல் உயிரணுக்களைப் பிணைத்து நிற்கிறது. காரத்தன்மை மிக்க சுண்ணாம்பு, கொழுப்பைக் கரைக்கும் ஸ்பிரிட், அழுத்தித் தேய்க்கும் துணி ஆகியவை அச்சாந்தைக் கரைத்துவிடுகின்றன. தோலில் எரிச்சல் பிறக்கிறது. பூசிய அளவும் பூசியிருந்த நேரமும் மிகுந்தால் எரிச்சலும் மிகும்; குறைந்தால் குறையும். எவருக்கும் இது வரலாம்.

இரண்டாம் வகையே ஒவ்வாமையால் வருவது. இதில் அளவைக் குறைப்பதால் பெரும்பயன் விளைவதில்லை. தோலின் வழியே நுழையும் பொருளின் மிகச் சிறு துகளைத் தோலிலுள்ள காவல் அணுக்கள் பற்றிக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அங்கே வெள்ளை அணுக்களுள் ஒருசாரார் அப்பொருளை நினைவில் இருத்திக்கொள்கின்றனர். இந்நினைவு உருவாக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். அக்காலத்தில் முகத்தில் எக்குறியும் தோன்றாது. பின்னொரு நாள் அதே பொருள் மீண்டும் தோலில் படும்போதுதான் அழற்சி எழுகிறது. அதுவும் உடனே எழுவதில்லை. ஒரு நாள் கழித்தோ மூன்று நாள் கழித்தோ எழுகிறது.

இக்காலத் தாழ்வே ஒப்பனை அறைகளில் நிகழும் தவறுகளுள் பெரும்பாலானவற்றிற்கு வேர். வெள்ளிக்கிழமை பூசிய வண்ணத்தின் விளைவு ஞாயிற்றுக்கிழமை தெரிகிறது. ஆகவே பழி ஞாயிறன்று உண்ட கத்தரிக்காயின்மேல் விழுகிறது. பத்து ஆண்டுகள் பூசிவந்த வண்ணம் பதினோராம் ஆண்டில் ஒவ்வாமல் போகும்போது, ‘இத்தனை நாள் ஒன்றும் செய்யாத பொருள் இன்று என்ன செய்யும்?’ என்று பிறர் கேட்கின்றனர். ஒரு பொருளோடு கொண்ட நெடுநாள் பழக்கம் அதற்கு எதிரான காப்பு ஆகாது. திரும்பத் திரும்பப் படுவதனாலேயே சிலருக்கு ஒவ்வாமை உருவாகிறது. அந்நினைவு ஒருமுறை உருவாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அரிதாயினும் அஞ்சத்தக்கது. போலிக் காயம், வழுக்கைத் தலை, முதுமைச் சுருக்கம் ஆகியவற்றை உருவாக்கப் பயன்படும் ரப்பர் பாலில் இயற்கைப் புரதங்கள் உள்ளன. அவை ஒவ்வாதவருக்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பும் உதட்டு வீக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றக்கூடும். அவ்வேளையில் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிராமல் அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பலூன் ஊதும்போது உதடு தடிக்கிறது என்று கூறும் மாணவருக்கு ரப்பர் பால் ஒப்பனையே கூடாது.

எவை ஒவ்வாதவை?

வண்ணமே குற்றவாளி என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பலமுறை குற்றம் வண்ணத்தில் இருப்பதில்லை. அதனோடு வரும் துணைப்பொருள்களில் இருக்கிறது. நறுமணத்திற்காகச் சேர்க்கும் பொருள்கள் இவற்றுள் முதலிடம் பெறுகின்றன. கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்களும், ஆட்டு மயிரிலிருந்து பெறும் லனோலின் என்னும் கொழுப்பும் அடுத்து நிற்கின்றன. மீசையும் தாடியும் ஒட்டப் பயன்படும் ஸ்பிரிட் கம் பைன் மரப் பிசினைச் சாராயத்தில் கரைத்துச் செய்யப்படுவது. அப்பிசின் பலருக்கு ஒவ்வாது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. முகமெங்கும் வண்ணம் பூசியிருக்க, மேலுதடும் தாடையும் மட்டும் சிவந்து தடித்தால் ஐயுற வேண்டியது வண்ணத்தையன்று, பசையை.

பரதநாட்டியம் ஆடுவோருக்கு நெற்றியே சிக்கலான இடம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யப்பட்ட குங்குமத்தின் இடத்தில் இன்று செயற்கைச் சாயமூட்டிய குங்குமமே மிகுதியாக விற்கப்படுகிறது. அச்சாயங்களுள் சில ஒவ்வாமையைத் தோற்றுவிக்கின்றன. ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள ஒருவகைப் பீனால் சேர்மமோ, அரிப்பு எதுவும் இன்றியே தோலின் நிறத்தை அழித்து வெண்புள்ளியை உண்டாக்கவல்லது. பொட்டு வைத்த இடத்தில் பொட்டின் அளவிலேயே வெண்மை தோன்றுவது இதன் அடையாளம். தலைமுடியைக் கருமையாக்கும் சாயத்திலுள்ள பாரா ஃபினைலீன் டையமீன் என்னும் பொருள், கருமருதாணி என்று விற்கப்படும் கலவையிலும் உண்டு. திருவிழாவில் விளையாட்டாகக் கையில் வரைந்துகொண்ட கருமருதாணியால் ஒவ்வாமை பெற்ற ஒருவருக்குப் பிற்காலத்தில் மேடைக்காக முடிச்சாயம் பூசும்போது தலையும் முகமும் வீங்குவதுண்டு.

‘இயற்கைப் பொருள் ஆயிற்றே, என்ன செய்துவிடும்?’ என்று கேட்போர் பலர். அரிதாரமும் சாதிலிங்கமும் மண்ணிலிருந்து எடுக்கப்படும் இயற்கைப் பொருள்களே. பைன் பிசினும் ரப்பர் பாலும் மரம் தந்தவை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும். மறுபுறம், ‘ஒவ்வாமை தராதது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட விலையுயர்ந்த குப்பிகளையும் கண்மூடி நம்புதல் தகாது. அச்சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே கூறுகிறது. குப்பியின் முகப்பைக் காட்டிலும் அதன் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் உள்ளடக்கப் பட்டியலே படிக்கத் தக்கது.

முன்கூட்டியே கேட்க வேண்டிய வினா

ஒவ்வாமையைக் கண்டறியும் ஒட்டுச் சோதனையை 1895இல் ஜோசஃப் யாடசோன் என்னும் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு சிறு அளவில் முதுகில் வைத்து ஒட்டி, இரண்டு நாள்கள் கழித்து எடுத்துப் பார்ப்பது இதன் முறை. தாழ்ந்து வரும் விளைவையும் அறிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீண்டும் பார்ப்பர். அந்நாள்களில் முதுகு நனையக்கூடாது. மிகுதியாக வியர்க்கவும் கூடாது. கோயில் திருவிழாக் காலத்தில் ஊர்தோறும் சென்று இரவெல்லாம் ஆடும் தெருக்கூத்துக் கலைஞருக்கு இது இயலாத ஒன்று. மழை தொடங்கிக் கூத்து ஓய்ந்திருக்கும் நாள்களே அவர்களுக்கு ஏற்ற காலம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. அங்குச் செல்வோர் தாம் பூசும் பொருள்களைப் பொட்டலத்தோடு கொண்டுசெல்வது நல்லது. ‘ஏதோ ஒரு சிவப்புப் பொடி’ என்னும் விளக்கத்தைக் கொண்டு எம்மருத்துவராலும் எதையும் கூற இயலாது.

பள்ளி மேடையில் நடிக்கவிருக்கும் மாணவருக்கு இதனினும் எளிய முறை ஒன்று உண்டு. பூசவிருக்கும் வண்ணத்தை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவிற்குக் காலையும் மாலையும் ஒரு வாரம் தொடர்ந்து தடவிவர வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு வாரம் ஒன்றும் தோன்றாவிடில் முகத்திற்கும் பெரும்பாலும் பொருந்தும் எனக் கொள்ளலாம். பெரும்பாலும் என்றே கூற முடியும். இமையின் தோல் உடலின் பிற பகுதிகளைவிட மிக மெல்லியது, முழங்கை தாங்கிய பொருளை அது தாங்காமல் போகலாம். ஏற்கெனவே ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ கரப்பானோ உடையவர் இச்சோதனையையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே செய்தல் வேண்டும்.

ஆண்டுவிழா மாலையில் கையில் ஒரு பொட்டுத் தடவிப் பார்த்து, பத்து நிமிடத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு செய்வது சோதனை ஆகாது. மேலே கூறிய காலக் கணக்கின்படி, நாடகம் அரங்கேறுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒப்பனைப் பொருள்கள் கையில் இருக்க வேண்டும். வசனத்திற்கும் பாட்டிற்கும் ஒரு மாதம் ஒத்திகை பார்க்கும் குழுக்கள் ஒப்பனைப் பொருள்களை மட்டும் விழா நாள் காலையில் வாங்குவது வியப்பிற்குரியது.

இதில் பொருளைக் காட்டிலும் கடினமானது பேச்சு. தமக்கு வண்ணம் ஒவ்வாது என்று கூறினால் வேடம் பிறருக்குப் போய்விடுமோ என்னும் அச்சத்தால் இளங்கலைஞர் பலர் வாய் திறப்பதில்லை. அரிப்பைப் பொறுத்துக்கொள்கின்றனர். மருந்துக் கடையில் எவரோ கூறிய களிம்பை வாங்கித் தடவுகின்றனர். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. அக்களிம்பு ஓரிரு நாளில் சிவப்பை அடக்கிவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் முன்னிலும் கடுமையாகச் சிவக்கச் செய்யும். எப்பொருளையும் ஏற்காத முகம் இவ்வாறே உருவாகிறது. வேடம் வழங்கும் ஆசிரியரோ குழுத் தலைவரோ முதல் நாளே, ‘யாருக்கேனும் ஏதேனும் பொருள் ஒவ்வாதா?’ என்று அனைவரையும் பொதுவாகக் கேட்டுவிட்டால், தனித்துச் சொல்ல வேண்டிய தயக்கம் நீங்கும்.

வேடத்தை மாற்றாமல் பூச்சை மாற்றல்

தெருக்கூத்தின் முழுமுகப் பூச்சு தோன்றிய சூழலை எண்ணிப் பார்த்தால் ஒரு வழி புலப்படும். தீப்பந்த வெளிச்சத்திலும், பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் ஆடிய கலை அது. களத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணனின் பச்சையும் துரியோதனனின் சிவப்பும் தெரிந்தாக வேண்டும். மங்கிய ஒளி தடித்த பூச்சைக் கேட்டது. இன்றைய மின்விளக்கின்கீழ் அத்தடிப்பு தேவைப்படுவதில்லை. மெல்லிய பூச்சே போதுமானது. எரிச்சலால் துன்புறுவோருக்கு இம்மாற்றமே பாதித் தீர்வு.

ஒவ்வாமை உடையவருக்குப் பூச்சை மெலியச் செய்வது போதாது. பொருளையே மாற்ற வேண்டும். வெள்ளைக்குத் துத்தநாக வெள்ளையும் டைட்டானிய வெள்ளையும் உள்ளன. நறுமணம் சேராத, நீரில் குழைக்கும் கட்டி வண்ணங்கள் கிடைக்கின்றன. ஸ்பிரிட் கம் ஒவ்வாதவருக்கு, மருத்துவப் பயன்பாட்டிற்காக உருவாக்கப்பட்ட அக்ரிலிக் பசையோ சிலிகான் பசையோ பொருந்தலாம். புதிய பொருள் என்பதால் அவற்றையும் சோதித்தே பயன்படுத்த வேண்டும். எதுவும் பொருந்தாத நிலையிலும் வழி அடைந்துவிடுவதில்லை. மீசையை ஒட்டாமல் காதில் மாட்டும் கம்பியில் கட்டலாம். நெற்றிக் கோலத்தைத் தோலில் தீட்டாமல் முடியின் விளிம்பிலிருந்து தொங்கும் அணியாக அமைக்கலாம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய முடியும் புயக்கட்டையும் மார்பணியும் கூத்தில் ஏற்கெனவே பாத்திரத்தை அறிவிக்கின்றன. முகத்தில் வண்ணம் குறைந்த இடத்தை அவை ஈடுசெய்யும். கட்டியங்காரன் வந்து பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அறிவிக்கும் மரபும் இருக்கிறது. திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வெளிப்படும் துரியோதனனை அவனது சிவப்பைக் கொண்டு மட்டுமே எவரும் அறிவதில்லை.

‘எண்ணெயை முதலில் தடவிக்கொண்டால் வண்ணம் தோலைத் தொடாது’ என்னும் கருத்து கலைஞரிடையே பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. பூசுவதற்கு முன் தடவும் தேங்காய் எண்ணெய் தோலின் வறட்சியைத் தணிக்கும், பின்னர் வண்ணத்தைக் கலைப்பதை எளிதாக்கும், எரிச்சலைக் குறைக்கும். ஒவ்வாமை தரும் துகளைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. பெண் வேடம் ஏற்கும் ஆண் கலைஞர்கள் முகத்தை மழித்தவுடன் வண்ணம் பூசுவதும் தவிர்க்கத் தக்கது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் வழியே பொருள்கள் எளிதில் உட்புகும். மழித்தலுக்கும் பூச்சுக்கும் இடையே சில மணி நேரமாவது இருத்தல் நலம்.

கண்மையும் கண்ணுக்கருகில் செல்லும் தூரிகையும் ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே மைக்கூட்டில் எட்டுப் பேர் தொட்டுத் தீட்டிய மறுநாள் எட்டுப் பேருக்கும் ‘மெட்ராஸ் ஐ’ வருவது ஒவ்வாமையன்று, தொற்று. சுர்மா என்னும் பெயரில் விற்கப்படும் மையில் ஈயத் தாது கலந்திருப்பதும் உண்டு.

விடியலில் கலைத்தல்

ஒப்பனையின் கடைசிப் பகுதி அதனைக் கலைப்பது. இதற்கே குறைந்த நேரம் ஒதுக்கப்படுகிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து, கதிரவன் எழும் வேளையில் முடிகிறது. வியர்வையில் ஊறிய வண்ணத்துடன் ஏழெட்டு மணி நேரம் ஆடியவர், வந்த வண்டியிலேயே சாய்ந்து உறங்கிவிடுகிறார். அன்று மாலை அடுத்த ஊரில் அடுத்த வேடம் காத்திருக்கிறது. தோல் ஓய்வு பெறும் நேரம் இடையே கிடைப்பதில்லை. கலைக்கும் அவசரத்தில் சிலர் சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்க்கின்றனர். வண்ணமும் போகிறது, தோலின் கொழுப்பும் போகிறது. மாலையில் பூசும் வண்ணம் காப்பிழந்த தோலின்மீது படிகிறது.

முதலில் எண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சில நிமிடங்கள் விட்டுவிட வேண்டும். வண்ணம் எண்ணெயில் இளகியபின் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தல் கூடாது. அதன்பின் மென்மையான சோப்பும் மிகுதியான குளிர்ந்த நீரும் போதும். ஈரம் முழுவதும் காயும்முன் மணமில்லாத களிம்போ சிறிது எண்ணெயோ தடவிக்கொண்டால் தோலின் மேலடுக்கு மீண்டும் நிறைவு பெறத் தொடங்கும். ஒட்டிய மீசையைப் பிடித்து இழுப்பதற்கு மாறாக, அதன் ஓரத்தில் எண்ணெயைச் செலுத்திப் பசை நெகிழும்வரை காத்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய், பெயிண்ட் கலைக்கும் தின்னர் ஆகியவற்றிற்கு இவ்வேலையில் இடமே இல்லை. ஓர் ஊரில் கூத்து நடத்துவோர் கலைஞருக்குச் சோறும் தேநீரும் ஏற்பாடு செய்யும்போது, விடியலில் முகம் கழுவ இரண்டு குடம் நல்ல தண்ணீரையும் சேர்த்து வைத்தால் அதன் பயன் பெரிது.

ஒப்பனைப் பெட்டியின் மூடியில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுவது எளிய ஏற்பாடு. எப்பொருள் எந்நாளில் வாங்கப்பட்டது, எவர் முகத்தில் எது பூசப்பட்டது, எவருக்கு எத்தனையாவது நாளில் அரிப்புத் தோன்றியது என்பன அதில் இடம்பெற வேண்டும். இரண்டு மூன்று திருவிழாக் காலங்கள் கடந்தபின் அக்குறிப்பேட்டைப் புரட்டினால், உடம்புச் சூடு என்று கருதப்பட்ட சிவப்பு ஒவ்வொரு முறையும் ஒரே பொட்டலத்தைத் திறந்த பின்னரே தோன்றியிருப்பது தெரியவரலாம். அடுத்த பருவத்திற்கு வண்ணம் வாங்கச் செல்பவர் அப்பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். வேடமும் அதற்குரியவரிடமே இருக்கும்.